பாட்டன் பெயர் எங்கே?

"செத்துப்போன பாட்டனைத் தேடி என்ன அண்ணே ஆகப் போகிறது? உயிரோடு இருக்கிறவனுக்கே வேலை நிரந்தரமில்லை!"

அனுப்பம்பட்டு ரயிலடியில், காலை வண்டிக்குக் காத்திருந்த தோழர் ஒருவர் நம்மைக் கேட்ட கேள்வி இது. கையில் தூக்குச் சட்டி. முகத்தில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரம். தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியசிலிருந்தும் பிஜியிலிருந்தும் தமிழ் பேசத் தெரியாத தமிழர்கள் சிலர், பழைய கப்பல் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நம் கிராமங்களில் பூட்டன் ஊரைத் தேடி அலைகிறார்களே, அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் அவர் கேட்டார். பணம் படைத்தவன் பொழுதுபோக்கு என்பது அவர் எண்ணம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். ஏன் மாற்றிக்கொண்டோம் என்பதைத் தோழருக்குச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறோம்.

அனுப்பம்பட்டுக்கு அடுத்த நிறுத்தம் பொன்னேரி. அங்கே இறங்கி பஸ் ஏறினால் பழவேற்காடு. ஏரிக்கரையில் டச்சுக்காரன் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம் இன்று மண்மேடு. ஆனால் அவன் கல்லறைத் தோட்டம் அழியவில்லை. வாசலில் எலும்புக்கூட்டுச் சிலைகள் காவல் நிற்க, உள்ளே பலகை பலகையாகக் கருங்கல். கல்லெல்லாம் எழுத்து! இன்னார், இன்ன பதவி வகித்தார், இன்ன ஆண்டில் மறைந்தார் என்று நேற்றுச் செதுக்கியதுபோல் நிற்கிறது. மத்திய அரசின் தொல்லியல் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. பாதுகாக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் அதே கரையிலிருந்து அந்த டச்சுக்காரன் கப்பலேற்றியது துணி மட்டும்தானா? மனிதர்களையும் ஏற்றினான், தோழர்களே! 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பீஜப்பூர்ப் படை சூறையாடி, பஞ்சம் வந்து, பெற்ற பிள்ளையை விற்றுப் பிழைக்கும் நிலை ஏற்பட்டபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கிய உயிர்கள் 8,000-லிருந்து 10,000 வரை என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. ஒரு பகுதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போயிற்று. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. விற்ற தரகனுக்குக் கணக்கு உண்டு, வாங்கிய கம்பெனிக்குக் கணக்கு உண்டு, கப்பலுக்கும் கணக்கு உண்டு. போனவர்களுக்குக் கல் உண்டா? இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியை மட்டும் நாம் அறிவோம். அவளை உலகம் அறிந்த கதையைக் கேளுங்கள்.

பத்தாவியாவில் அடிமையாக இருந்த ஒரு பெண், தன்னைத் தாக்கிய ஒருவனைத் தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்தான். 1656-ல் கம்பெனி நீதிமன்றம் அவளுக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு அது ஆயுள் முழுவதும் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-ல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், டச்சுக்காரன் புதிதாகப் போட்டிருந்த குடியிருப்பில் அவள் இறக்கப்பட்டாள். அங்கே தளபதியாக இருந்த யான் வான் ரீபெக் என்பவனின் வீட்டு வேலை அவளுக்கு. ஒரு சிப்பாய்க்கும் அவளுக்கும் ஒரு மகன் பிறந்தான். 1669-ல் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை மாதா கோயில் ஏட்டில் எழுதினார்கள். அந்தப் பிள்ளைதான் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். ஓடிவந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெண்ணை அவன் மணந்தான். அவன் வழி வந்த ஸ்னைமன் குடும்பத்தார் இன்று தென்னாப்பிரிக்காவில் ஏராளம். வெள்ளையர் என்றே தங்களை எண்ணி, நிறவெறிச் சட்டங்களின் நிழலில் வாழ்ந்த வீடுகளிலும் அந்த இரத்தம் ஓடுகிறது! நீதிமன்ற ஏட்டையும் ஞானஸ்நான ஏட்டையும் புரட்டிப் பார்த்தபோது அந்த மூதாட்டி வெளிப்பட்டாள். ஏட்டிலே அவள் பெயர் என்ன தெரியுமா?

கத்தரீனா வான் பாலியகட்டா.

பழவேற்காட்டுக் கத்தரீன்! ஊர்ப் பெயர் நம்முடையது. முன்பெயர் எசமானன் வைத்தது. அவளைப் பெற்றவள் அவளை என்ன சொல்லி அழைத்தாள்? எந்த ஏட்டிலும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் பெயர் ஏன் ஏட்டில் ஏறியது? அவளை மதித்தா எழுதினார்கள்? அவள் ஒரு சொத்து. சொத்துக்குக் கணக்கு வேண்டும். சொத்து ஒரு குற்றம் செய்தால் அதற்கும் கணக்கு வேண்டும். சரி, அவள் பிறந்த இந்த மண்ணில் ஆண்டவன் எவனாவது எழுதினானா? இல்லவே இல்லை. அரசன் தானம் கொடுத்தால் கல்வெட்டு, நிலம் கைமாறினால் ஓலை. நண்டு பிடித்தவளுக்கும் நாற்று நட்டவளுக்கும் எந்தக் கல், எந்த ஓலை?

இதுதான் நாம் சொல்ல வந்தது, தோழர்களே. இந்த மண்ணில் இருந்தவரை உழைப்பாளியின் பெயரை யாரும் எழுதவில்லை. இந்த மண்ணைவிட்டுப் போகும்போதுதான் எழுதினார்கள். அதையும் எழுதியவன் அவனை வேலைக்கு வாங்கியவன்!

200 ஆண்டு கழித்து வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். 1834-ல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை பிறந்தது. நேட்டாலுக்கு முதல் கப்பல் புறப்பட்டது நம் சென்னையிலிருந்துதான். ‘ட்ரூரோ’ என்று பெயர். 1860 நவம்பர் 16-ந் தேதி 342 பேரை டர்பனில் இறக்கியது. 1911 வரை 384 கப்பல் பயணங்களில் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. பிஜித் தீவுக்கு 1879-லிருந்து 1916 வரை போனவர்கள் 60,000-க்கு மேல். சென்னையிலிருந்து அங்கே ஆள் போனது 1903-க்குப் பிறகு. மொரீஷியஸ் கணக்கு இவற்றையெல்லாம்விடப் பெரியது: நான்கரை லட்சத்துக்கும் அதிகம்.

ஒவ்வொரு தலைக்கும் ஒரு வரி எழுதினான் வெள்ளைக்காரன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இடக்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை என்று மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதுபோலப் பார்த்து எழுதினான். கூலி ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமல்லவா? மொரீஷியசில் 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்து ஒட்டினார்கள். ஆளைப் பிடிப்பதற்காக எடுத்த படம், இன்று பேரப்பிள்ளைகள் சட்டம் போட்டு மாட்டும் படமாகிவிட்டது! அந்த ஏடுகள் மோகா என்னும் ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் நாடுகளின் கூலிப் பதிவேடுகளை 2011-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நியூயார்க்கில் எல்லிஸ் தீவு வழியாக 1892-லிருந்து 1954 வரை இறங்கிய 1 கோடியே 20 லட்சம் பேரில் தன் பாட்டன் பெயரை அமெரிக்கன் வீட்டிலிருந்தபடியே தேடி எடுக்கிறான். நம்மவனும் தேடத் தொடங்கிவிட்டான்.

தேடி வருகிறவனுக்கு இங்கே என்ன காத்திருக்கிறது?

முதலில் பெயர்க் குழப்பம். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். முனிசாமி ‘மூன்சாமி’ ஆனான். மொரீஷியசில் சின்னத்தம்பி ‘சினதாம்பு’ ஆனான். பிரெஞ்சுக்காரன் தீவுகளில் முத்துசாமி ‘மூட்டூசாமி’ ஆனான். ஆளுக்கே இந்தக் கதி என்றால் ஊருக்கு? நம் வட்டாரத்தில் அத்திப்பட்டு, அனுப்பம்பட்டு என்று ‘பட்டு’க்களும், நந்தியம்பாக்கம் போன்ற ‘பாக்கங்களும்’ வரிசையாகக் கிடக்கின்றன. அனுப்பம்பட்டு என்று ஒருவன் வாயைத் திறந்து சொன்னால் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? எழுதிப் பாருங்கள், பத்துக்குக் குறையாது.

அடுத்தது ஜில்லாக் குழப்பம். இது இன்னும் பெரிது. கப்பல் பட்டியலில் ‘ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா பொன்னேரி’ என்று இருக்கும். டர்பனிலிருந்து வருகிறவன் நேரே செங்கல்பட்டு நகரத்துக்குப் போய் நிற்பான். பொன்னேரி இப்போது திருவள்ளூர் மாவட்டம் என்றும், 1997-ல் மாவட்டம் பிரிந்தது என்றும் அவனுக்கு யார் சொல்வார்கள்? ‘வட ஆற்காடு, சித்தூர் தாலுகா’ என்று இருந்தால் கதை இன்னும் சிக்கல். சித்தூர் 1911-ல் தனி ஜில்லாவாகி, பிறகு ஆந்திரத்தோடு போயிற்று. அதில் திருத்தணி மட்டும் 1960-ல் நம்மிடம் திரும்பியது. எல்லைப் போராட்டத்தில் சிறை சென்ற பழைய தொண்டர்களுக்கு இது தெரியும். பிஜியில் பிறந்தவனுக்குத் தெரியுமா?

ஊரே இல்லாமற் போவதும் உண்டு. ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவில் ராக்கெட் தளம் வந்தபோது அங்கிருந்த குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது மீனவர் குப்பம் இடம் பெயர்ந்தது. பட்டியலில் உள்ள ஊர் வரைபடத்தில் இல்லையென்றால் தேடுகிறவன் யாரிடம் கேட்பான்?

மூன்றாவதாக, நம் தாலுகா ஆபீசுகளில் உள்ள பழைய ரிஜிஸ்தர்கள். செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர் உண்டு, அடங்கல் உண்டு, சிட்டா உண்டு. அத்தனையிலும் நிலம் வைத்திருந்தவன் பெயர். கப்பலேறியவனுக்கு நிலம் இருந்திருந்தால் அவன் ஏன் கப்பலேறுகிறான்? பிறப்பைப் பதியவேண்டும் என்ற சென்னை மாகாணச் சட்டம் வந்ததே 1899-ல்தான். வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்ப வழியை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சிலர் பெருமை பேசுவார்கள். தட்சணை கொடுக்க வழியுள்ளவன் வம்சம் அங்கே இருக்கும். 1876 தாது வருஷப் பஞ்சத்தில் ஏரியோரக் கால்வாயில் மண் சுமந்தவன் வம்சம் எந்தப் பண்டாவிடம் இருக்கிறது? கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபு பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவன் கூடையோடு போய்விட்டான்.

இனிமேல்தான் தோழருடைய கேள்விக்கு நேரான விடை. பெயர் எழுதப்பட்டவன் கதை இதுவரை பார்த்தது. பெயரே எழுதப்படாதவன் கதை என்ன ஆயிற்று?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்மவனுக்குக் கப்பல் பட்டியல் கிடையாது. கங்காணி வந்தான், முன்பணம் என்ற தூண்டிலைப் போட்டான், கூட்டமாக ஓட்டிக்கொண்டு போனான். 1901-லிருந்து கழுத்தில் ஒரு தகர வில்லை. அதில் இன்ன தோட்டத்துக்கு உரியவன் என்பதற்கு எண். அவ்வளவே!

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. பெற்ற அதே ஆண்டில் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்கள் என்று காட்டு. காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளைக்கு எவன் காகிதம் எழுதினான்? காடாகக் கிடந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கிய லட்சக்கணக்கான மக்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள்! 1964-ல் டில்லியும் கொழும்பும் உட்கார்ந்து 9,75,000 உயிர்களைப் பங்கு போட்டன: உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம். 1974-ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஆக, பாட்டன் பெயர் எழுதிய காகிதம் இருந்தால் மனிதன், இல்லாவிட்டால் எண்ணிக்கை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். அனுப்பம்பட்டில் ரயிலேறி வடக்கே மூன்றாவது நிறுத்தத்தில் இறங்குங்கள். கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு உயிர் பிழைக்க வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து படித்த அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மலையகத்து வழிவந்தவர்கள். அவர்கள் பூட்டன் போனது திருச்சியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ இருக்கும். நம் மண்ணிலிருந்து போய், நம் மண்ணுக்கே திரும்பி வந்தவர்கள். ஆனால் டில்லியின் சட்டம் அவர்களுக்கு வைத்த பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’!

அதே டில்லி மற்றோர் பக்கம் என்ன செய்தது? வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற அட்டையை நான்காம் தலைமுறை வரை தந்து வந்தது. 2023-ல் சுரினாம் நாட்டவருக்கு ஆறாம் தலைமுறை வரை என்றது. 2024-ல் மொரீஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை என்றது. 2025-ல் டிரினிடாடுக்கும் ஆறாம் தலைமுறை. நமக்குப் பொறாமையா? இல்லை, மகிழ்ச்சி. கூலியாகப் போனவன் பேரனுக்குக் கதவு திறந்தால் முதலில் கைதட்டுபவர்கள் நாம்தான். ஆனால் கேட்கிறோம்: ஏழு தலைமுறைக்கு முன் போன ஒருவனின் வழித்தோன்றல் உறவு என்றால், மூன்று நான்கு தலைமுறைக்கு முன் போய், முகாமில் வந்து உட்கார்ந்திருப்பவன் எப்படி அந்நியன்? ஒரே கரையிலிருந்து போனவர்கள்தானே? ஒருவனுக்குத் தோட்டக்காரன் பட்டியல் எழுதினான், மற்றவனுக்குக் கங்காணி எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானா?

2019 ஜூன் மாதம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையக வழிவந்த 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற சொல்லே இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்து ஓர் ஆணை வந்தது. தண்டனை இல்லை என்றார்கள். குடியுரிமை உண்டு என்று அந்த ஆணை சொல்லவில்லை.

நம் பக்கம் செய்யவேண்டியதும் இருக்கிறது. அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து ஊர் காட்டும் ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தை 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல முயற்சி. மாமல்லபுரத்தையும் தஞ்சைக் கோயிலையும் பார்ப்பது சரிதான். ஆனால் வந்த பிள்ளை கேட்பது, ராஜராஜன் எங்கே இருந்தான் என்பதையா, தன் பூட்டன் எங்கே இருந்தான் என்பதையா? டர்பனிலும் சூவாவிலும் மோகாவிலும் உள்ள பட்டியல்களின் நகலைத் தமிழக அரசு கேட்டு வாங்க வேண்டும். கப்பல் வாரியாகக் கிடப்பதைத் தாலுகா வாரியாகப் பிரித்துத் தமிழில் அச்சிட வேண்டும். பொன்னேரித் தாலுகா ஆபீசுக்குப் போனால் ‘இந்தத் தாலுகாவிலிருந்து கப்பலேறியவர்கள்’ என்று ஒரு புத்தகம் இருக்க வேண்டும். எழும்பூரில் 1909-லிருந்து நிற்கும் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய பழைய சர்க்கார் கடிதங்கள் கட்டுக்கட்டாக உண்டு. ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவர்கள் மட்டும் புரட்டுவதற்கா அவை? மறைந்த ஊர்ப் பெயர்களுக்கும் மாறிய ஜில்லாக்களுக்கும் ஓர் அகராதி வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தல் செலவுக்கு மேல் போகாது என்பது நம் கணிப்பு.

இடையிலே ஓர் எச்சரிக்கை. பட்டியலில் சாதி என்று ஒரு கட்டம் உண்டு என்றோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. கப்பலில் எல்லாருக்கும் ஒரே அண்டாச் சோறு. எவனும் எட்டி உட்கார முடியாது. கடல் கடந்தவன் பலர் அந்தக் கட்டத்தை அங்கேயே மறந்தார்கள். வாய்க்கு வந்த சாதியைச் சொல்லிவிட்டுக் கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களை நாம் மெச்சுகிறோம்! அந்தப் பேரன் இன்று வந்து, ‘என் பூட்டன் என்ன சாதி’ என்று கேட்டால் நம் தோழர்கள் உதட்டைப் பிதுக்கட்டும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தப் பஞ்சத்தில் போனான் என்று கேட்டால் உட்காரவைத்துத் தேடித் தரட்டும். குலதெய்வம் எது என்று கேட்டு ஊரைக் கண்டுபிடிக்கிறார்களாம். சாமிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அது ஊருக்கு வழிகாட்டும் கைகாட்டி மரமாக உதவினால் உதவட்டும், கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம்.

தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். பிறந்தது ஜோகன்னஸ்பர்க். தில்லையாடியைக் கண்ணால் பார்த்ததில்லை. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் 16 வயதில் மறைந்தாள். அவள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் நிற்கிறது, தமிழ்நாடு அதைப் பெருமையோடு சொல்கிறது. கத்தரீனுக்கும் ஊர்ப் பெயர் நிற்கிறது. அவளைப் பழவேற்காட்டிலே எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே அவளுக்கும், பெயர் தெரியாமல் போன மற்றவர்களுக்கும் ஒரு கல் நடவேண்டும் என்று கேட்கிறோம். பஞ்சாயத்துத் தீர்மானம் ஒன்று போதும் தொடங்குவதற்கு.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். நம் குப்பங்களுக்குக் கணக்கு வைப்பது புதிதல்ல. ஏரியில் எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்ற பாடு முறையில், உரிமை யாருக்கு, அவன் தகப்பன் யார், பாட்டன் யார் என்று பெரியவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். அந்த நினைவு அவர்களோடு போவதற்கு முன் எழுதுங்கள். கிளைப் படிப்பகங்களில் 40 பக்க நோட்டு ஒன்று போதும். ரங்கூனுக்குப் போன பெரியப்பா, பினாங்கிலிருந்து வந்த மணியார்டர், கண்டியிலிருந்து ஒரே ஒரு முறை வந்த கடிதம், அதன்பின் சேதியில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி சொல்வாள். போனவன் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், போன வருஷம், ஊரின் பழைய பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். தாய் பெயரை விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்காரன் பட்டியலில் அதற்குக் கட்டமே இல்லை.

ரயிலடித் தோழருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி வரை வாருங்கள். முகாமில் மலையகக் குடும்பங்கள் இருந்தால், அவர்கள் பாட்டனின் ஊரை அவர்கள் வாயால் கேட்டு நாமே எழுதிக்கொண்டு வருவோம்.